காசு கேட்டா அது ஆராய்ச்சி இல்லை

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். "இது நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல வேலை செய்யற மாதிரி தெரியுதா"ன்னு தினமும் மண்டையை உடைச்சுக்கிற பொழப்பு. அந்தத் தைரியத்துலதான் இந்தப் பதிவு.

ஆட்டிசம் இருக்கும் பிள்ளைகளை மருத்துவ ஆய்வுகளில் சேர்க்கலாமா? நம்ம வீடுகளில் இதுக்கு ரெண்டு பதில் கேட்டிருக்கேன். ஒண்ணு, "எம் புள்ளை என்ன சோதனை எலியா?". இன்னொண்ணு, "ஏதோ புது ஆராய்ச்சியாம், கடன வாங்கியாவது சேர்த்துடுவோம்". ரெண்டுமே தப்புன்னுதான் எனக்குப் படுது.

முதலில் ஒரு பழைய கதை. செக்ரெட்டின்னு ஒரு ஹார்மோன், நம்ம குடலில் சுரப்பது. அமெரிக்காவில் வயித்துப் பரிசோதனைக்காக இதைப் போட்டுக்கொண்ட மூணு ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பேச்சும் பார்வையும் முன்னேறியதா 1998-ல ஒரு கட்டுரை வந்தது. டிவியிலயும் வந்துடுச்சு. அப்புறம் கேக்கணுமா? பெத்தவங்க மருந்தைத் தேடி அலைய ஆரம்பிச்சாங்க.

அடுத்த வருஷமே 60 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு செக்ரெட்டின் ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி. யாருக்கு எதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாது. முடிவு? ரெண்டு கூட்டமும் முன்னேறியிருந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு! முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரெட்டினில் ஆர்வம் இருக்குன்னே சொன்னாங்க.

இதைப் படிச்சு எனக்குச் சிரிப்பு வரலை. குழந்தை எப்படியும் வளருது. நிலைமை ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் நாம புது டாக்டரைத் தேடி ஓடுவோம், அதுக்கப்புறம் தானாவே கொஞ்சம் தணியும். ஏங்கிக் கிடக்கிற கண்ணுக்குச் சின்னச் சிரிப்பும் பெருசாத் தெரியும். ஒரே நாளில் மூணு மாற்றத்தை சர்வரில் ஏத்திட்டு, எதனால வேகம் கூடுச்சுன்னு கேட்டா எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க உப்புத் தண்ணிக் கூட்டம் வேணும்கறது அதுக்குத்தான்.

அதே மாதிரி, தொப்புள்கொடி ரத்தத்தை 180 குழந்தைகளிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2020-ல வந்தது. எதை முக்கியமா அளக்கப் போறோம்னு முதலிலேயே சொல்லியிருந்தாங்களோ, அதில் பலன் தெரியலை. 3 முதல் 17 வயசு வரை 290 பேருக்கு 24 வாரம் ஆக்ஸிடோசின் மூக்கு ஸ்ப்ரே கொடுத்த ஆய்வு 2021-ல வந்தது. அதிலும் வித்தியாசம் இல்லை. அப்போ அந்தப் பிள்ளைகள் கலந்துகிட்டது வீணா? இல்லைங்க. நாளைக்கு ஒருத்தன் அதையே பாட்டில்ல அடைச்சு விக்க வந்தா, "போய்யா"ன்னு சொல்ல நம்ம கையில் ஆதாரம் இருக்கறது அவங்களாலதான்.

நிற்க.

என் பெரியம்மா பொண்ணுக்கு ஒரு பையன், ஏழு வயசு, ஆட்டிசம். ஒரு கிளினிக்கில் "ஆராய்ச்சி அடிப்படையிலான ஸ்டெம் செல் சிகிச்சை"ன்னு தவணைக்கு ரெண்டு லட்சம், மூணு தவணைன்னு சொல்லியிருக்காங்க. நானும் கூடப் போனேன். ஆய்வின் பதிவு எண் என்னன்னு கேட்டேன். வழவழ காகிதத்தில் சிரிக்கிற குழந்தைகள் படம் போட்ட புத்தகம் ஒண்ணு கைக்கு வந்தது. வெளியே வந்து அக்கா சொன்னா, "எதுவுமே செய்யாம சும்மா இருக்க முடியலடா." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இந்த வியாபாரமே அந்த ஒரு வரியை நம்பித்தான் நடக்குது. ஒரு மாசம் யோசிச்சு அக்கா வேண்டாம்னுட்டா. இப்ப அந்தக் காசு பேச்சுப் பயிற்சிக்குப் போகுது.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லை சிகிச்சையாப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லியாச்சு.

சரி, எலி பயம்? அதுவும் சும்மா வந்ததில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். மகனோட பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்ததும் விசாரணையில் நிரூபணமாச்சு. 2010-ல கட்டுரையும் வாபஸ், அவர் டாக்டர் பதிவும் ரத்து.

ஆனா ஆய்வுன்னாலே ஊசியும் மாத்திரையும் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோட நடந்த ஆய்வு 2016-ல வெளியாச்சு. அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, எந்த இடத்தில் குழந்தை பதில் கொடுக்குதுன்னு அம்மாவுக்கே போட்டுக் காட்டுவாங்க. செய்தது பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். குழந்தையோட போக்குக்கு ஏத்த மாதிரி பெத்தவங்க பழகுவது நல்லாவே கூடியிருந்தது. நிபுணர்களே இல்லாத நம்ம ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த 65 குடும்பமும் எலி பயத்தில் கதவைச் சாத்தியிருந்தா இது தெரிஞ்சிருக்காது.

யாராவது "ஆராய்ச்சி"ன்னு வந்தா என்ன கேக்கணும்? என் பட்டியல்:

1. காசு கேக்கறாங்களா? ஆய்வுக்கான செலவை நம்ம தலையில் கட்டக்கூடாதுன்னு ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலே சொல்லுது. கேட்டா எழுந்து வந்துடுங்க.

2. சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கா? இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு 2009-லேர்ந்து பதிவு கட்டாயம். எண்ணை வாங்கி, அந்தத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்க.

3. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்க விடறாங்களா? நெறிமுறைக் குழு யார்னு அதில் போட்டிருக்கா?

4. பிள்ளையைக் கேட்டாங்களா? 7 வயசுக்கு மேல வாய்வழிச் சம்மதம், 12-க்கு மேல எழுத்து மூலமா. பேச்சு வராத பிள்ளை கையைத் தட்டிவிட்டா அதுவும் பதில்தான்.

5. நடுவுல விலகலாமா? விலகினா வழக்கமான சிகிச்சை தொடருமா?

6. "குணமாயிடும்"னு சத்தியம் பண்றாங்களா? முடிவு முன்னாடியே தெரிஞ்சா ஆய்வு எதுக்கு?

ஆய்வில் பிள்ளையைச் சேர்த்தா நாம ஊருக்கு ஏதோ கொடுக்கறோம்னு அர்த்தம். உப்புத் தண்ணிக் கூட்டத்தில் விழலாம், நம்ம பிள்ளைக்கு ஒண்ணுமே கிடைக்காம போகலாம். அது தெரிஞ்சு மனசார சேர்ந்தா சேருங்க. இல்லேன்னா தாராளமா மறுத்துடுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஆனா ரத்த தானம் பண்ணப் போன இடத்தில் நம்மகிட்டயே பில்லை நீட்டினா மட்டும் சும்மா விடாதீங்க.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்தில் சண்டைக்கு வாங்க. இந்த மாதிரி வீடு தெரிஞ்சா பட்டியலை மட்டுமாவது கொண்டு போய்க் கொடுங்க.