பேரனின் பொற்காசும் தாத்தாவின் பென்ஷனும்

தீபாவளி கழிந்த வாரம் பாஸ்புக்கில் பதிந்து வர வங்கிக்குப் போனேன். பென்ஷன், மின்கட்டணம், மருந்துக் கடை ஆகியவற்றுக்கு நடுவே 449 ரூபாய், 449 ரூபாய் என்று 13 பற்றுகள். கூட்டிப் பார்த்தால் 5,837 ரூபாய். கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் போன் வழியாகப் போயிருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். கேள்வியிலேயே பதிலும் இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் மறுக்கவில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டில் "வைரம்" வாங்கியிருக்கிறான். பால் வாங்கவும் காய்கறி வாங்கவும் என் போனின் ரகசிய எண்ணை அவனிடம் சொல்லி வைத்தவன் நான்தான். என் மகன், "இது திருட்டு அப்பா" என்று கையை ஓங்கினான். நான் நடுவில் போய் நின்றேன். ஒரு கோளாறு நடந்தால் முதலில் ஆளைப் பிடிப்பதா, காரணத்தைப் பிடிப்பதா என்பது 38 வருட சர்வீஸில் நான் அடிக்கடி பார்த்த வழக்கு. நான் எப்போதும் காரணத்தின் பக்கம். "சரிடா கண்ணா, அந்தக் காசு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். நாலு ஞாயிற்றுக்கிழமை பாதி ஹிந்தியிலும் பாதி தமிழிலும் பாடம் நடந்தது. நான் கற்றதை நம் சங்கத்து அன்பர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

இவ்வகை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்கிறார்கள். வீரன், மந்திரவாதி, வைத்தியன் என்று பல வேடங்கள். காட்டில் அரக்கனைக் கொன்றால் காசு விழும். அந்தக் காசில் வாளும் கவசமும் வாங்கலாம், மற்ற ஆட்டக்காரர்களிடமும் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். 2004-இல் வந்து உலகெங்கும் பேர் பெற்ற வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் 100 செப்புக்காசு ஒரு வெள்ளி, 100 வெள்ளி ஒரு தங்கம். நம் தாத்தா காலத்து அணா, பைசாக் கணக்கைவிட இது சுலபம்.

இங்கேதான் எனக்கு ஆர்வம் பிறந்தது. நான் காய்கறிக்காரரிடம் கொடுக்கும் ரூபாய் அவர் பைக்குப் போகிறது. அரக்கன் செத்தால் விழும் காசோ யார் பையிலிருந்தும் வருவதில்லை, அந்த நொடியில் புதிதாகப் பிறக்கிறது. பல லட்சம் பேர் இரவும் பகலும் அரக்கர்களைக் கொன்றுகொண்டே இருந்தால் காசு என்ன ஆகும்?

இடார்சியில் நான் ஒர்க்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ரயில்வே காலனியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என் பொறுப்பு. பம்ப் எத்தனை மணி ஓடியது, தொட்டியில் மட்டம் என்ன, காலனிக்கு எவ்வளவு போயிற்று என்று தினமும் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். வரத்து மிஞ்சினால் தொட்டி வழியும். செலவு மிஞ்சினால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். விளையாட்டை அமைப்பவர்களும் இதே பாஷைதான் பேசுகிறார்கள். காசு பிறக்கும் இடம் குழாய், அழியும் இடம் வடிகால். வார்கிராஃப்டில் கவசம் பழுது பார்க்கக் காசு, ஊர்விட்டு ஊர் பறந்து போகக் காசு, ஏலக் கூடத்தில் ஒரு பொருளை விற்றால் நூற்றுக்கு 5 பிடித்தம். 2007-இல் அதிவேகமாகப் பறக்கும் வாகனத்தை ஓட்டக் கற்க 5,000 தங்கம் வைத்தார்கள். இந்தக் காசெல்லாம் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை, மறைந்துபோகிறது. தொட்டி வழியாமல் இருக்க வைத்த வால்வு அது.

வால்வு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2000-இல் வந்த டயாப்லோ 2 உதாரணம். அங்கே தங்கம் மலிந்து மலிந்து கடைசியில் ஆட்டக்காரர்களுக்குள் அதை மதிப்பார் இல்லை. அவர்களே ஜோர்டான் கல் என்ற ஒரு மோதிரத்தைப் பணமாக வைத்துக்கொண்டு, இந்தக் கவசத்துக்கு இத்தனை மோதிரம் என்று பேரம் பேசினார்கள். பிறகு கள்ள வழியில் மோதிரத்தையே நகல் எடுக்கக் கற்றார்கள், மோதிரமும் மலிந்தது. எந்த அரசும் இல்லாமலே பணம் உண்டாகி, கள்ளப் பணமும் உண்டாகி, மதிப்பு இழந்த கதையை ஒரு சிறுவன் ஆடிக்கொண்டே தெரிந்துகொள்கிறான். நான் டிப்ளமோ படித்த காலத்தில் பணவீக்கத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்தக் காசுக்குப் பின்னால் மனிதரின் நேரம் இருக்கிறது. அதனால் அதற்கு வெளிச்சந்தையும் உண்டு. சீனாவில் கூலிக்கு ஆள் வைத்து இரவு பகலாக ஆடச் செய்து தங்கம் சேர்த்து விற்றார்கள். வெனிசுவேலாவில் விலைவாசி தலைவிரித்தாடிய வருடங்களில் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டின் காசைச் சேர்த்து விற்று வீட்டுச் செலவைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வார்கிராஃப்ட் நிறுவனமே 2015-இல் ஒரு டோக்கனை அறிமுகம் செய்தது. பணம் உள்ளவர் டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி, ஏலக் கூடத்தில் தங்கத்துக்கு விற்கலாம். நேரம் உள்ளவர் தங்கம் கொடுத்து அதை எடுத்து 30 நாள் ஆடலாம். கள்ளச் சந்தைக்குப் போட்டியாகக் கம்பெனியே திறந்த கவுண்டர் இது.

இதுவரை எனக்குக் குறையில்லை. என் பென்ஷனைத் தின்றது வேறு வகைக் காசு. பேரன் ஆடும் விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். அதில் ஆடிச் சம்பாதிக்கும் பொற்காசு ஒன்று, ரூபாய் கொடுத்து வாங்கும் வைரம் ஒன்று. நல்ல ஆயுதங்கள் எல்லாம் வைரத்துக்குத்தான், அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிக்குள். 449 ரூபாய்க்கு 500 வைரம் கொண்ட ஒரு பொதி. பெட்டியின் விலையோ 680 வைரம். ஒரு பொதி போதாது. இரண்டு வாங்கினால் 320 மிஞ்சும். மிஞ்சியதைப் பார்த்தால் இன்னொன்று வாங்கத் தோன்றும்.

நம் பொங்கல் விழாவில் சாப்பாட்டுக் கடைக்கு டோக்கன் விற்போமே, அது போலத்தான். நூறு ரூபாய்க்கு டோக்கன் வாங்கிய பிறகு இட்லிக்கு எவ்வளவு, காபிக்கு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. மிச்ச டோக்கனைத் திருப்பித் தர மனமில்லாமல் ஒரு ஜிலேபி தின்றுவிட்டுப் போகிறோம். நம் டோக்கனில் ரூபாய் அச்சாகியிருக்கிறது. வைரத்தில் அது இல்லை.

மூன்றாவது ஞாயிறு நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். 13 பொதி, 6,500 வைரம். 9 பெட்டி திறந்ததில் 6,120 போக மிச்சம் 380. அப்படியானால் ஒரு பெட்டி எவ்வளவு என்று கேட்டேன். அவனே வகுத்துப் பெருக்கினான்: 610 ரூபாய் 64 காசு. பென்சிலை வைத்துவிட்டு, "ஒரு பெட்டி 610 ரூபாயா தாத்தா?" என்றான். 9 பெட்டி திறந்தவனுக்கு அதுவரை அது தெரியாது. அவன் ஆசைப்பட்ட வாளும் வரவில்லை.

இது என் பேரனின் அசட்டுத்தனம் மட்டும் அல்ல. கென்ஷின் இம்பாக்ட் என்ற பிரபலமான விளையாட்டில் வாங்கிய படிகத்தை வேறொரு கல்லாக மாற்றி, 160 கல்லுக்கு ஒரு முறை அதிர்ஷ்டம் பார்க்க வேண்டும். உயர்ந்த ரகப் பரிசு சாதாரணமாக விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். எப்படியும் கிடைக்கும் என்ற உறுதி 90-ஆவது முறையில்தான், அதாவது 14,400 கல். இந்த அடுக்கடுக்கான காசு சிறுவர்களைக் குழப்பி உண்மைச் செலவை மறைக்கிறது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இத்தகைய பெட்டிகளை விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது தடுப்பது பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. பேரனுடைய ஆட்டத்தில் பணம் போகும், வராது. ஆகவே காவல் நாம்தான்.

விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. போபாலில் பிறந்து வளர்ந்த பிள்ளை. திருச்சியில் இருக்கும் அத்தை மகனோடு வாரம் தவறாமல் தமிழில் பேசுவது இந்த விளையாட்டுக்குள்தான். காசைக் குழாய், வடிகால் என்று விளக்கிய புத்தியும் அங்கிருந்து வந்ததுதான். என் கட்சி இது: ஆடிச் சம்பாதிக்கும் காசு இருக்கட்டும், வாங்கும் காசுக்கு வீட்டில் ஒரு ரிஜிஸ்டர் வேண்டும். இத்தனை வைரம் இத்தனை ரூபாய் என்று திரையிலேயே காட்டும்படி சட்டம் கேட்கும் நாள் வரும்வரை, அதை நாம் பென்சிலால் எழுத வேண்டும்.

ரகசிய எண்ணை மாற்றிவிட்டேன், அது என் தவறுக்கு. அவன் கைச்செலவுப் பணத்தில் மாதம் 200 ரூபாய் திருப்பித் தருகிறான். 30-ஆவது மாதம்தான் தீரும் என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். அவன் படிக்கும் மேஜைக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: ஒரு வைரம் 90 காசு. போன மாதம் என்னைக் கேட்டு ஒரே ஒரு பொதி வாங்கினான், நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அன்பர்கள் அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்திருந்தால், கையை ஓங்குமுன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.