கொடுக்கும் குழந்தை

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக ஒரு குழந்தை மருத்துவமனையில் சேர்ந்ததும், குடும்பத்தின் கவனம் முழுவதும் அந்த ஒற்றைப் படுக்கையை நோக்கித் திரும்பிவிடுகிறது. இயல்புதான். வடிகட்டிய காற்று நிரம்பிய அறை. உடனிருக்க ஒருவருக்கு மட்டுமே அனுமதி. பழைய மஜ்ஜையை அழிக்கத் தரப்படும் கடும் மருந்துகளில் முடி உதிரும். வாய் புண்ணாகி எச்சில் விழுங்குவதே வேதனையாகும். புதிய மஜ்ஜை வேர்கொள்ளும் வரை இரண்டு, மூன்று வாரங்கள் அன்றாடம் வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். அவ்வாரங்களில் ஒரு தாய் அடையும் சோர்வைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். நான் சொல்ல விரும்புவதோ அந்த அறைக்கு வெளியே நிற்கும் இன்னொரு குழந்தையைப் பற்றி.

உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே கொடுப்பவர் பல நேரங்களில் தம்பியோ தங்கையோதான். என் உறவினர் வீட்டில், தலசீமியா நோயுற்ற பத்து வயதுச் சிறுவனுக்கு ஏழு வயதுத் தங்கையின் மஜ்ஜை பொருந்தியது. வந்து போனவர்கள் எல்லோரும், நான் உட்பட, அவளிடம் ஒன்றையே சொன்னோம்: "அண்ணனைக் காப்பாத்தப்போறது நீதாண்டா தங்கம்." அவள் சிரிக்கவில்லை. அன்றிரவு தாயிடம் கேட்டாளாம்: "அண்ணனுக்குச் சரியாகலைன்னா என்னைத் திட்டுவீங்களாம்மா?"

அக்கேள்வி வெறும் குழந்தைப் பயமன்று. நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்து, ஹூஸ்டனில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ந்த டேவிட் வெட்டருக்கு 1983 அக்டோபரில் அக்காளின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. அதில், நம்மில் பெரும்பாலோரிடம் ஓசையின்றி உறங்கும் ஒரு வைரஸ் இருந்தது. அன்றைய சோதனைகளில் அது தென்படவில்லை. 1984 பிப்ரவரியில் அவன் இறந்தான், வயது பன்னிரண்டு. கொடுத்தவளிடம் ஒரு பிழையும் இல்லை. ஆயினும், "நீதான் காப்பாற்றுவாய்" என்று சொல்லி வளர்த்திருந்தால், அந்தப் பிள்ளை இதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

தியாகம் என்ற சொல் நமக்கு மிக எளிதாக வந்துவிடுகிறது. சிபி தன் தசையைத் தானே அரிந்து கொடுத்தான். ஏழு வயதுக் குழந்தைக்காகப் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். அவளுக்கு உரியது புகழ்ச்சியன்று, உண்மை: மயக்க மருந்தில் தூங்குவாய், இடுப்பெலும்பின் பின்புறம் ஊசியால் எடுப்பார்கள், சில நாள் வலிக்கும், எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும், பின்னர் நடப்பது எதுவும் உன் பொறுப்பன்று. இவற்றைப் பலமுறை சொல்ல ஒருவர் வேண்டும். அவளுக்கென்றே மருத்துவமனையில் இருக்கும் அத்தையோ பாட்டியோ வேண்டும். நாமோ ஊசி எடுத்த மூன்றாம் நாள் அவளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அவளையும் அனுப்பினார்கள். மாலைதோறும் கைபேசித் திரையில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டனர். மஜ்ஜையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறைக்குள் அவன் கொண்டுபோயிருந்த தன் வண்ணப் பென்சில் பெட்டியை எப்போது திருப்பித் தருவான் என்பதே அவள் வழக்கு.