ஐந்து மார்க்குக்குள் அடங்கிப்போன வெளிச்சம்

ப்ளஸ் டூவில் யங் இரட்டைப் பிளவு ஆய்வை எல்லோரும் படிச்சிருப்பீங்க. இரண்டு பிளவு, எதிரே ஒரு திரை, நடுவில் ஒரு முக்கோணம், கடைசி வரியில் பட்டை அகலத்துக்கு ஒரு ஃபார்முலா. பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்தப் படத்தை நாலு தடவை வரைஞ்சு பார்த்திருப்பீங்க. அந்தப் பட்டைகளைக் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேர்? உங்க கிளாஸில் கேட்டுப் பாருங்க.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். ஒளி ஒரு அலை என்கிற பாடத்தை டெரிவேஷனில் தொடங்குவது தப்பு. பெரிய சண்டை ஒன்று நடந்து, அதில் வந்த தீர்ப்பு அது. நாம சண்டையை மறைச்சிட்டுத் தீர்ப்பை மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறோம்.

தாமஸ் யங் லண்டனில் ஒரு டாக்டர். 1803-இல் அவர் சொன்ன சோதனையில் இரட்டைப் பிளவே கிடையாது. ஜன்னலில் ஊசித்துளை, அதில் நுழையும் சூரிய ஒளி, அதன் குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அட்டைக் கீற்று. அவ்வளவுதான். அட்டையின் நிழலுக்குள்ளே கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கம் வரும் ஒளியை மறைச்சதும் நிழலுக்குள் இருந்த கோடுகள் காணாம போச்சு. கோடுகள் உண்டாக இரண்டு பக்கத்து ஒளியும் வேணும்னு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது? இரண்டு துளை வைத்த விளக்கம் 1807-இல் அச்சான அவருடைய விரிவுரைகளில்தான் வருது.

அடுத்து வந்தவர் ஃபிரெனல். நம்ம ஆளு, ஏன்னா அவர் ரோடு போடுற சிவில் இன்ஜினியர்! பிரெஞ்சு அகாடமி வைத்த போட்டிக்கு 1818-இல் தன்னோட அலைக் கணக்கை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான புவாசோன் ஒளி துகள்தான் என்ற கட்சி. அவர் ஃபிரெனலைத் திட்டவில்லை. அவருடைய கணக்கையே எடுத்து மேலே போட்டுப் பார்த்தார். வட்டத் தட்டின் நிழலுக்கு நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி இருக்கணும்னு விடை வந்தது. நிழலுக்கு நடுவில் வெளிச்சமா, அபத்தம், அதோட தியரி காலி என்று நினைத்தார். இன்னொரு நடுவர் அரகோ, 2 மில்லிமீட்டர் தட்டை வைத்து நிஜமாவே செய்து பார்த்தார். புள்ளி இருந்தது. 1819-இல் பரிசு ஃபிரெனலுக்கு. வேடிக்கை என்னன்னா, இன்னைக்கும் பலர் அதைப் ‘புவாசோன் புள்ளி’ என்றுதான் சொல்றாங்க.

எதிராளியின் கணக்கை அவரைவிட ஒழுங்காப் போட்டுப் பார்க்கிறது பெரிய விஷயம். நம்ம பாடத்தில் அதற்கு மார்க் இல்லை.

“போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை, நீட் வேற” என்பாங்க. நியாயம்தான். ஆனா இதுக்குப் பத்து நிமிஷம் போதும். சிவப்பு லேசர் பாயிண்டரை நாலு புத்தகத்து மேல ஆடாமல் வையுங்க. அதன் வாயில் ஒரு தலைமுடியை நெடுக்காக செல்லோடேப்பால ஒட்டுங்க. விளக்கை அணைத்து, 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அடியுங்க (யார் கண்ணுலயும் படக்கூடாது, விளையாட்டில்லை). சுவரில் ஒரு புள்ளிக்குப் பதிலா, இருட்டு இடைவெளிகளோட பக்கவாட்டில் நீளமா ஒரு வரிசை தெரியும். நடுவில் இருக்கும் அகலமான வெளிச்சத்தை விட்டுடுங்க. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு இருட்டுகளுக்கு நடுவே ஸ்கேல் வையுங்க. 2.8 சென்டிமீட்டர் வந்தால், 650 நானோமீட்டர் அலைநீளத்தை 3 மீட்டரால் பெருக்கி அந்த 2.8 சென்டிமீட்டரால் வகுங்க. முடியின் தடிமன், கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து முடியை அளந்தாச்சு!

லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா, ஃபார்முலாவைச் சொல்லாமல் இதை முதலில் காட்டுங்க. அப்பா முடியையும் அம்மா முடியையும் அளந்து, எது தடிமன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். முக்கோணப் படத்தை அடுத்த நாள் திறந்துக்கலாம்.