தெர்மாகோல் தாஜ்மகால்

ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கப் போகிற ஸ்டேஷனரி கடைக்காரரிடம், ‘அண்ணாச்சி, ஒரே ஒரு தெர்மாகோல் ஷீட்டு!’ என்று நீங்கள் கெஞ்சியதுண்டா? விடிந்தால் பிள்ளைக்கு ‘கிராஃப்ட்’ கொடுக்கணும். அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவார், பிள்ளை தூங்கும். மார்க் மட்டும் பிள்ளைக்கு! நான் பி.காம். படித்தவன். செய்யாத வேலைக்கு வரவு வைக்கிற இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் தடை. டீக்கடைக்காரர் வைத்திருந்தால் அபராதம். பள்ளிக்கூடத்துத் தாஜ்மகாலுக்கு மட்டும் ‘ஏ’ கிரேடா? ஒரு வாரம் டி.வி. மேலே இருக்கும், அப்புறம் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

தூத்துக்குடிக்கு வடக்கே மாப்பிள்ளையூரணி. அங்கே ஒரு பிள்ளைக்கு, அம்மாவுக்கு ஏதாச்சும் கையால் செய்து கொடுக்க ஆசை வந்தால் எந்தக் கடைக்கும் ஓட வேண்டாம். தேங்காய் நார்க் கயிற்றை வட்டமாகச் சுருட்டி, மேலே இன்னொரு கயிற்றைச் சுற்றி இறுக்கினால் பிரிமணை. கொதிக்கிற குக்கரை இறக்கி வைக்கலாம். சிரட்டையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால் உப்பு அள்ளும் கரண்டி. உப்பளத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியும், உப்பில் கிடக்கிற இரும்பு என்ன ஆகும் என்று. சிரட்டைக்கு ஏது துரு? காய்ந்த பனங்குருத்தோலையை வகிர்ந்து, தண்ணீரில் நனைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் பூண்டு போட்டு வைக்கக் கொட்டான். பனைதான் நம் மாநில மரம். பாடப்புத்தகத்தில் படம் போட்டால் போதுமா?

‘இதென்ன, குலக்கல்வியை மறுபடி கொண்டுவரப் பார்க்கிறீரா?’ என்று நீங்கள் சட்டையைப் பிடிக்கலாம். பிடிக்கத்தான் வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது ஒழிந்தது. நல்லவேளை! இதே மாவட்டத்துக் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டியே படிப்பைத் தொலைத்த பிஞ்சுகளையும் மறக்க முடியாது.

ஆனால், வித்தியாசம் இருக்கிறது சார். பனையேறியின் மகன் மட்டும் ஓலை பின்னணும் என்றால் அது குலக்கல்வி. டாக்டர் மகனும் மீனவர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பின்னினால் அது கல்வி. சந்தைக்குப் போடப் பிள்ளையைப் பின்ன வைத்தால் சுரண்டல். தன் வீட்டு அடுப்படிக்கு அதுவாகப் பின்னினால் பரிசு. உப்புக் கரண்டி செய்த பையனுக்கு உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்றாவது தெரியவரும். நம்மில் எத்தனை ஆண்களுக்கு அது தெரியும்?

இன்னொன்று. திருச்செந்தூர் பக்கம் மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் அழகழகாகப் பெட்டி பின்னுகிறார்கள். அப்படி ஒரு அக்காவை வகுப்புக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சம்பளமும் கொடுத்து ‘டீச்சர்’ என்று அழைக்க எந்தப் பள்ளிக்கூடம் தயார்? தெர்மாகோலுக்கு ஆகிற காசைச் சேர்த்தாலே போதுமே!

அடுத்த முறை ‘கிராஃப்ட்’ சீட்டு வீட்டுக்கு வந்தால், பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்: ‘எங்கள் பிள்ளை செய்தால் கோணலாகத்தான் வரும். அதற்கு மார்க் போடுங்கள்.’