காவிரி எங்கே என்று கேட்டவருக்கு

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அதில் பெரிய வருத்தமில்லை, எழுதுகிறவனுக்கு இதெல்லாம் பழக்கம்தான். கூடவே வந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதில் காவிரி எங்கே இருக்கிறது?"

கேட்டவர் கெட்டவர் இல்லை. நிறைய வாசித்தவர், நம் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர். பேர் வேண்டாம். ஆறுகளுக்கு ஒரு சிறப்பிதழ் போடுகிறோம், நீங்கள் சிதம்பரத்தில்தானே இருக்கிறீர்கள், ஐப்பசியில் ஒருநாள் பைக்கை எடுத்துக்கொண்டு மாயவரம் போய் துலா முழுக்கைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பயணக் கட்டுரை கொடுங்கள் என்றார். மழை, பச்சை வயல், கோபுரம், படித்துறை எல்லாம் வரட்டும் என்றார். "அரசியல் எழுத வேற இடம் இருக்கு, இது கொஞ்சம் லேசா இருக்கட்டும்." எங்களை லேசாக எழுதச் சொல்கிறவர்கள் எதையோ கீழே இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்தும் ஒத்துக்கொண்டேன். பைக்கில் போகிற ஆசைதான், வேறென்ன.

பைக் ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்தது. 1990களின் நடுவில் நான் பள்ளிக்கூடம் போகிற பையன். பின்னால் கேரியரில் உட்கார்ந்து போவேன். ஊர்த்தெரு முனையில் வேப்பமரம் வரும். அங்கே அப்பா இறங்கிவிடுவார், என்னையும் இறக்கிவிடுவார். தெரு முடிகிற வரைக்கும் உருட்டிக்கொண்டே போவார். ஏன்ப்பா என்று கேட்டால், "இந்த எடத்துல செயின் கழண்டுக்கும்டா" என்பார். ரொம்ப நாள் நம்பினேன். உலகத்தில் சில தெருக்களில் சைக்கிள் செயின் கழன்றுகொள்ளும், அது ஏதோ மண்ணின் குணம் என்று நம்பினேன். ஏழாவது படிக்கும்போது ஊர்ப் பையன் ஒருத்தன் அதே தெருவில் கையை விட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போனான். செயின் கழலவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் புகார் கொடுத்தது, வழக்கு பதிவானது. வண்டியைப் பிடிக்கிற கை. ஆகவே தோழர்களே, பைக்கில் போய் இயற்கையை ரசித்தேன் என்று எழுதுவதற்கு முன்னால் எங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது.

போன ஐப்பசியில் விடியற்காலையில் கிளம்பினேன். செகண்ட் ஹேண்ட் ஸ்ப்ளெண்டர், தவணை இன்னும் பாக்கி. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், மாயவரம். சுமார் 40 கிலோமீட்டர். பாலம் தாண்டும்போதுதான் தோன்றியது, இது நந்தன் நாளைப்போவேன் நாளைப்போவேன் என்று ஏங்கிக் கிடந்த பாதை. அவன் தில்லைக்கு வந்தான், நெருப்பில் இறங்கினான், பூணூலும் குடுமியுமாக எழுந்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த வழியே திரும்பிப் போனதாக யாரும் எழுதவில்லை. நான் திரும்பிப் போகிறேன். குடுமி இல்லாமல், ஹெல்மெட்டோடு.

வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் திரும்பினால் திருப்புன்கூர். நந்தனுக்காக நந்தி விலகிய ஊர். இப்போதும் நந்தி சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். வழிவிட்டது காளைமாடு மட்டும்தான். வாசலுக்கு வெளியே நின்றவன் வெளியேதான் நின்றான். ஆனால் நான் சொல்ல வந்தது நந்தியைப் பற்றி இல்லை, குளத்தைப் பற்றி. அங்கே ஒரு குளம் இருக்கிறது. சேக்கிழார் கணக்குப்படி அது நந்தன் வெட்டிய குளம். எம்.ஏ. தமிழ் படித்ததில் ஒரு லாபம், மூலத்தைப் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிட்டது. சேக்கிழாரிடம் நந்தன் தன் கையால் வெட்டுகிறான். கோயிலில் சொல்கிற கதையில் பிள்ளையார் வந்து வெட்டிக் கொடுக்கிறார். குளம் வெட்டிய பிள்ளையார் என்று சந்நிதியே இருக்கிறது. மண் சுமந்தவன் பறையன், பட்டம் பிள்ளையாருக்கு.

அங்கிருந்து மாயவரம் போகிற வழியில் ஆனந்ததாண்டவபுரம். கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதியவர். சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. அவனுக்கு வழிவழியாக வந்த கொஞ்சம் நிலம் உண்டு, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிற தொழில் உண்டு. பாரதியார்தான் வேதியரைக் கொண்டுவந்து நந்தனைப் பண்ணையாளாக்கினார். அவர் காலத்துத் தஞ்சாவூரைப் பார்த்து எழுதியிருக்கிறார், அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கதையின் உச்சத்தைப் பாருங்கள். தில்லைக்குப் போக உத்தரவு கேட்கிறான் நந்தன். 40 வேலி நிலத்தின் வெள்ளாமையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ராத்திரியோடு ராத்திரியாகச் சிவபெருமான் அருளால் வயல் விளைந்து நிற்கிறது. சபையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உழுதது யார், நாற்றுப் பறித்தது யார், நட்டது யார், களை எடுத்தது யார்? ஒரு ஏக்கர் நட எத்தனை பொம்பளையாள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்தச் சபையில் இல்லை. குளம் பிள்ளையாருக்குப் போச்சு, வெள்ளாமை சிவனுக்குப் போச்சு. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனை ஓர் அரசனாகச் சொன்னபோது சிரித்தவர்கள், பூதங்கள் நெல் விளைவித்ததைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

மாயவரம் வந்து சேர்ந்தபோது துலாக்கட்டத்தில் நல்ல கூட்டம். 1982இல் மயிலாடுதுறை என்று பேர் மாற்றினார்கள், 2020 டிசம்பரிலிருந்து தனி மாவட்டம். எங்கள் வாயில் இன்னும் மாயவரம்தான். ஐப்பசி முழுக்க கங்கையே இங்கே வந்து குளிக்கிறாளாம். வருஷம் பூராவும் ஜனங்கள் அவளிடம் கழுவிவிட்ட பாவத்தைக் கழுவ. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். அடுத்தவர் அழுக்கைச் சுமக்கிறவளுக்கும் அழுக்குப் படும் என்று ஒத்துக்கொள்கிற கதை. ஆனால் அழுக்குச் சுமக்கிற நதிக்கு ஒரு மாசம் ஒதுக்கியவர்கள், அழுக்குச் சுமக்கிற மனுஷனுக்கு ஒதுக்கியது ஊருக்கு வெளியே ஒரு சேரி.

முடவன் முழுக்கு என்று ஒன்றுண்டு. இந்தப் பேரை இன்றைக்குச் சொல்லக் கூசுகிறது, ஆனால் விழாவின் பேர் அதுதான். நடக்க முடியாத ஒருத்தர் கடைமுழுக்குக்குப் புறப்பட்டு வருவதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அழுதார். இறைவன் இரங்கி கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்தான். காலண்டரையே ஒரு நாள் நீட்ட முடிந்திருக்கிறது. நந்தனுக்கு ஒரு வாசலைத் திறக்க முடியவில்லை, நெருப்பு மூட்டத்தான் முடிந்தது. இரண்டு கதைக்கும் இடையில் எத்தனை மைல்? என் வண்டியில் அரை மணி நேரம்.

படித்துறையில் என்னை யாரும் தடுக்கவில்லை. அதையும் எழுதவேண்டும். பக்கத்தில் நின்றவர் சோப்புகூடக் கேட்டார், கொடுத்தேன். ஆற்றில் சாதி கேட்பதில்லை, எல்லோரும் ஈரவேட்டியில்தானே நிற்கிறார்கள். நான் தலை முழுகவில்லை. முகம் கழுவிக்கொண்டு படியில் உட்கார்ந்து டீ குடித்தேன். 2017 புஷ்கரத்தின்போது இதே இடத்தில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல், ஆற்றுக்குள்ளேயே தொட்டி கட்டி, போர் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குளித்தார்கள். புனிதத்துக்கு ஆறு அவசியமில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இந்த ஊருக்கு இன்னொரு சரித்திரம் உண்டு, அதற்கு எந்தத் துறையிலும் கல்வெட்டு நான் பார்க்கவில்லை. 1948இல் பண்ணையாள் கூலிக்காக ஏற்பட்ட மாயூரம் ஒப்பந்தம். சாணிப்பாலும் சவுக்கடியும் நடந்துகொண்டிருந்த ஜில்லாவில், மிராசுதாரர்கள் ஆட்களோடு கணக்குப் பேச இறங்கி வந்த ஒப்பந்தம். 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திலும் அதன் பேர் இருக்கிறது. சட்டம் வந்தது, பண்ணையாள் வேண்டாம் தினக்கூலி போதும் என்று விரட்டியடித்ததும் நடந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரை எரித்ததும் கூலி நெல்லுக்கான சண்டைதான். மாயவரத்துக்கு வருகிறவனுக்கு மயிலாய் வந்த அம்மன் கதையைப் பத்து பேர் சொல்லுவார்கள். ஒப்பந்தக் கதையைச் சொல்ல ஒரு டீக்கடைக்காரர்கூட அகப்படவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் அத்தை வீட்டுக்குப் போனேன். டவுனிலிருந்து கொஞ்ச தூரம், ஊர்ப் பேர் வேண்டாம். ஊர்த்தெரு வழியாகத்தான் சேரிக்குப் பாதை. தெரு நடுவில் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். "எந்த ஊரு தம்பி?" சொன்னேன். "யாரு வூட்டுக்கு?" சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை மேலும் கீழும் பார்த்தார். ஆற்றில் கேட்காததைத் தெருவில் கேட்கிறார்கள். பார்வையாலேயே கேட்டுப் பார்வையாலேயே பதிலை வாங்கிக்கொள்கிறார்கள்.

அத்தை வீட்டில் இல்லை, வயலில். குறுவை அறுத்து முடிந்து தாளடி நடவு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பதினைந்து பொம்பளைகள் குனிந்தபடி பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தலையில் உரச்சாக்குக் கொங்காணி. முழங்காலுக்குச் சேறு. வரப்பில் வண்டியோடு நின்றேன். அத்தை நிமிர்ந்தாள்.

"எங்கடா வந்த?"

"மாயவரத்துக்கு. துலா முழுக்குப் பாக்க."

"முழுக்குப் போட்டியா?"

"இல்ல அத்த."

"அதான பாத்தன்." பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவளிடம் சொன்னாள்: "நாம காலையில ஏழு மணியிலேருந்து முழுவிக்கிட்டுத்தான் நிக்கிறோம். நம்ம பாவம் எவ்வளவு போயிருக்கும் பாரு." எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி இன்னும் அசிங்கமாக ஒன்று சொன்னாள், அதற்கு இதைவிடப் பெரிய சிரிப்பு. அதை எழுதினால் இந்தப் பத்திரிகையும் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.

சாயங்காலம் வீட்டில் காலைக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துத் தோல் கழன்றிருந்தது. சேற்றுப்புண். மருதாணியும் மஞ்சளும் அரைத்து வைத்திருந்தாள். டவுனில் தீபாவளிக்குக் கையில் வைக்கிற மருதாணி, இங்கே ஐப்பசி பூராவும் காலில். நான்தான் வைத்துவிட்டேன். எரியுது எரியுது என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். காவிரி எங்கே? தெரியாமல் கேட்டிருந்தால் சொல்கிறேன். 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியதே, கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு போகாமல் காவிரிப் பக்கம் திருப்பத்தான். வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் விடு, பாசனத் தண்ணீரைக் காவிரியில் விடு. கல்லணையில் பிரித்து, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு என்று இன்னும் பிரித்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலில் இறக்கிவிடுகிறார்கள். அதனால்தான் மாயவரத்தில் அது சின்ன ஆறு, பூம்புகாரில் ஏறக்குறைய ஒரு வாய்க்கால். இளங்கோவடிகள் பார்த்த அந்த அகண்ட ஆறு கடலைத் தேடிப் போவதில்லை, வயலுக்குள் போய்விடுகிறது. அங்கே தாளடி நடுகிறவளின் விரலிடுக்கில் நிற்கிறது. படித்துறையில் நீங்கள் பார்ப்பது மிச்சம். பயண இலக்கியக்காரர்கள் நூறு வருஷமாக அந்த மிச்சத்தைத்தான் வருணித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதியது அத்தையின் காலை. உங்களுக்கு அதில் ஆறு தெரியவில்லை என்றால் ஆற்றை நீங்கள் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. மழை விட்டிருந்தது. அத்தை வாசல் வரை நொண்டிக்கொண்டு வந்தாள். "தெரு வழியா போவாத. ராத்திரி நேரம் குடிச்சிட்டு ஒக்காந்திருப்பானுவோ. போன மாசம் நம்ம மாரி பேரனோட வண்டிச் சாவியப் புடுங்கி வச்சிக்கிட்டானுவோ. வாய்க்கால் கரையால சுத்திப் போ."

நான் மேடையில் பேசுகிறவன். எத்தனையோ ஊரில் தெருவழியாக ஊர்வலம் போயிருக்கிறேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் நின்றேன். அத்தையும் நின்றாள். அந்தத் தெரு கால் கிலோமீட்டர்கூட இருக்காது. சுற்றினால் நாலு.

சுற்றித்தான் போனேன். கரையெல்லாம் வழுக்கல், விளக்குக் கிடையாது. பல இடத்தில் இறங்கி உருட்டவேண்டியிருந்தது. வலது பக்கம் பூராவும் வாய்க்கால், ஐப்பசித் தண்ணீர் கரைதட்டிப் போய்க்கொண்டிருந்தது. இதையும் அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தேன். இந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் அவர் அந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறார்.