சோடா போட்ட அழகு

கடையில் 30 மில்லி வைட்டமின் சி சீரம் 500 ரூபாய். தூளாக வாங்கினால் அதில் கால்வாசி கூட ஆகாது. பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"என்னங்க, அடுத்த வாரம் தங்கச்சி நிச்சயதார்த்தம். என் மூஞ்சிதான் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

"என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். இப்படிக் கேட்ட எந்தப் புருஷனும் உருப்பட்டதில்லை.

தூளைக் கரைத்து க்ரீமில் கலந்து தடவிய இரண்டாவது நிமிஷம், "ஐயோ, எரியுது!" கன்னம் சிவந்துவிட்டது, நிச்சயமாக வெட்கத்தால் இல்லை. முகத்தைக் கழுவச் சொல்லிவிட்டு யோசித்தேன். அமிலம்தானே? ஆப்பசோடாவை ஒரு ஸ்பூன் போட்டேன். பொங்கியது. எரிச்சல் நின்றது. நாலாம் நாள் க்ரீம் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கும் மச்சினன் வந்தான். "மாமா, பி.ஹெச். பார்த்தீங்களா?"

எனக்குத் தெரிந்த பி.ஹெச்., பப்ளிக் ஹாலிடே மட்டும்தான்.

இது வேறாம். 1909-ல் டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் கொண்டுவந்த அளவு. 7 நடுநிலை; கீழே அமிலம், மேலே காரம். ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு! கந்துவட்டிக்காரன் கூட இப்படி ஏற்றமாட்டான். நம் தோல் 5-ஐ ஒட்டி. வைட்டமின் சி-யோ 3.5-க்குக் கீழே இருந்தால்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும், தோலுக்குள்ளும் இறங்கும். நான் முதலில் கலந்தது 2-ஐ ஒட்டி இருந்திருக்கும், எரிந்தது. சோடா 7-ஐத் தாண்ட வைத்தது. காற்றுப் பட்டுக் கறுத்தது. கெடாமலிருக்க நான் போட்ட சோடியம் பென்சோயேட்டும் 5-க்கு மேல் போனால் தூங்கிவிடுமாம்.

"அப்ப எப்படிடா சரி பண்றது?"

"சோடாவைத் தண்ணியில கரைச்சு சொட்டுச் சொட்டா விடணும் மாமா. ஒவ்வொரு தடவையும் கலக்கிட்டு பி.ஹெச். தாள்ல பாருங்க. க்ரீமை அப்படியே தொட்டா எண்ணெய் ஏமாத்திடும். ஒரு பங்கு க்ரீமுக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து அளங்க. 3-க்கும் 3.5-க்கும் நடுவுல வந்ததும் கையைக் கட்டிக்குங்க."

நிச்சயதார்த்தத்துக்கு மனைவி வெறும் மஞ்சள் பூசி வந்தாள். அழகாகவே இருந்தாள். சொன்னேன். பதில் இல்லை. போன நம்பிக்கையையும் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது.

இப்போது புது க்ரீம் தயார். தாளில் 3.5-க்குள் காட்டுகிறது. என் முழங்கையில்தான் தடவியிருக்கிறேன். எரியவில்லை, நிறமும் மாறவில்லை.

"ரொம்ப சந்தோஷம். இன்னும் ஒரு மாசம் உங்க கையே அழகா இருக்கட்டும்" என்கிறாள்.