பழைய பூட்டுக்குக் கிராக்கி. பூட்டுத் தொழிலாளிக்குப் பட்டினியா?

செத்துப்போன தொழிலாளியின் கைவேலைக்கு ராஜ மரியாதை. உயிரோடிருக்கும் தொழிலாளிக்கு அரைவயிற்றுக் கஞ்சி! சந்தையின் இந்த நியாயத்தைக் கண்ணால் காண விரும்புவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகட்டும்.

சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு, மதுரை வழியாக நாம் அங்கே சென்றோம். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மா தேக்குத் தூண்கள், செதுக்கு வேலை செய்த கதவு நிலைகள், பித்தளை அண்டாக்கள், கப்பலேறி வந்த எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள், துருவேறிய பூட்டுகள்; போதாததற்கு யாருடைய தாத்தா பாட்டியோ, அவர்களின் போட்டோக்கள்! வெளிநாட்டுப் பயணிகளும் ஓட்டல் கட்டுவோரும் பேரம் பேசுகிறார்கள். தெருவே கலகலக்கிறது.

யார் உழைப்பு? யார் பெயர்?

எல்லாமே ‘செட்டிநாட்டுச் சாமான்’ என்கிறார்கள். அந்த மாளிகைகளை எழுப்பிய பணத்தில் பெரும்பங்கு பர்மா லேவாதேவியில் வந்தது. 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 6 சதவீதம். நெல்விலை சரிந்தது, விவசாயியால் கடனை அடைக்க முடியவில்லை. 1938க்குள் சுமார் 25 சதவீத நிலம் கைமாறிவிட்டது! லேவாதேவிக்காரருக்குப் பின்னால் வெள்ளைக்கார பாங்குகளும் வெள்ளைக்காரக் கோர்ட்டும் நின்றன.

1942ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அந்த வரவும் நின்றது. பிறகு குடும்பங்கள் பங்கு பிரிந்தன. வீடுகள் கதவு கதவாக, தூண் தூணாகச் சந்தைக்கு வந்தன. நிலம் இழந்த பர்மா விவசாயியின் கதையை எந்த விலைச்சீட்டும் சொல்வதில்லை. உளி பிடித்த தச்சனின் பெயரும் அதில் இல்லை.

தெருவில் கடை போட்டுப் பிழைக்கும் சிறு வியாபாரியோடு நமக்குச் சண்டை கிடையாது. நம் கேள்வி வேறு.

சான்றிதழ் சோறு போடுமா?

அங்கே காட்சிக்கு வைத்த பழைய பூட்டைப் போல இன்றும் செய்யத் தெரிந்தவன் நம் திண்டுக்கல்லில் இருக்கிறான். தகட்டை வெட்டி, அரம் போட்டு, லீவர் பொருத்தி, ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி செய்கிறான். மாங்காய்ப் பூட்டு அவன் கைவண்ணம். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. பாராட்டினார்கள், படம் பிடித்தார்கள். ஆனால் மலிவான அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் கடையை நிறைத்த பிறகு பட்டறைக்காரனுக்கு வேலை ஏது? கட்டுபடியான கூலி ஏது?

ஜவுளியில் நடப்பதும் இதுவே. கண்டாங்கி இப்போது பாஷன்! சுங்குடியும் பாஷன்! முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்த்த சேலையின் பெயரை, அச்சடித்த துணி திருடிக்கொண்டது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985ல் சட்டம் வந்தது. 22 ரகங்களாக இருந்த பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கியது. மிச்சமிருப்பதையும் விசைத்தறி முதலாளிகள் விட்டுவைக்கவில்லை. சின்னாளபட்டி நெசவாளியைக் கேட்டுப் பாருங்கள்!

‘மெஷின் வந்தால் கைத்தொழில் சாவது இயற்கைதானே?’ என்பார்கள் சில மேதாவிகள். மெஷின் நமக்கு விரோதி அல்ல. ஆனால் கைவேலைக்கு மதிப்பில்லை என்றால், தாத்தா செய்த பூட்டைப் பணக்காரர் தேடித் தேடி வாங்குவானேன்? மதிப்பு இருக்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். செய்தவன் செத்தபின் கொடுக்கும் விலையை, பேரன் செய்யும்போது கூலியாகக் கொடுக்கத்தான் மனமில்லை! செத்தவன் கூலி உயர்வு கேட்கமாட்டான்; சங்கம் வைக்கமாட்டான். அதனால்தான் அவன் கைவேலையின் மீது இத்தனை பிரியம்!

சர்க்கார் அலுவலகங்களுக்கும் கூட்டுறவு பாங்குகளுக்கும் ரேஷன் கடைகளுக்கும் வேண்டிய பூட்டுகளைத் திண்டுக்கல் தொழிலாளர்களிடமே வாங்கு! 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏட்டில் வைக்காதே, அமல் செய்! அச்சுத் துணியைச் சுங்குடி என்று விற்பவனைத் தண்டி! செய்தவன் பெயரைப் பொருளில் பொறி. அவன் குடும்பம் வாழக் கூலி கொடு!

பூட்டுத் தொழிலாளரும் நெசவாளரும் நம் வட்டார விவசாயிகளும் ஒன்றுசேர்ந்து இந்தக் கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். திண்டுக்கல் பூட்டு காரைக்குடித் தெருவில் மட்டும் கிடைக்கும் பழம்பொருளாகும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை.